கையோடு வந்த கைவேலை



கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு வீட்டுத் திண்ணை. எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் விடியற்காலையில் அங்கே காலை நீட்டி அமர்ந்து பனையோலைப் பாய் இழைத்துக்கொண்டிருப்பார். வெயில் ஏறினால் ஓலை முறுகிப்போகும், ஈரக்காற்று இருக்கும்போதே இழைக்க வேண்டும் என்பார். பக்கத்தில் பேத்தி இருப்பாள். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளை.

‘‘உம்மம்மா, கடையில பிளாஸ்டிக் பாய் மலிவாக் கிடைக்குதே, பிறகு ஏன் இந்தப் பாடு?’’ என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

‘‘அங்கேயிருந்து நான் கொண்டுவந்தது இது ஒண்டுதான், மகள்’’ என்றார் மூதாட்டி. வேறொன்றும் சொல்லவில்லை.

‘அங்கே’ என்றால் மன்னார்த் தீவு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தனர். அவர்களிற் பெரும்பாலானோருக்குப் புத்தளம் மாவட்டமே அடைக்கலம் தந்தது. மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வீடும் காணியும் பனந்தோப்பும் பின்னால் நின்றுவிட்டன. விரல்களுக்குள் இருந்த வேலையை மட்டும் எவராலும் பறிக்க முடியவில்லை. கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்த அந்த நாட்களில் ஓலை கிடைத்த இடங்களிலெல்லாம் பெண்கள் பாயும் பெட்டியும் இழைக்கத் தொடங்கினார்கள்.

இந்தத் திண்ணையைக் காணும்போதெல்லாம் பூமியின் மறுபுறத்தில் வாழும் ஒரு மக்கள் கூட்டம் என் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ வறள்நிலத்தில் வாழும் நவஹோ மக்கள் அவர்கள். தம்மை ‘டினே’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். செம்மறியாட்டுக் கம்பளியை நிமிர்ந்த தறியில் நெய்வது அவர்களுடைய பரம்பரைக் கலை. சிலந்திப் பெண் என்னும் தெய்வமே தங்களுக்கு நெசவு கற்பித்தாள் என்பது அவர்களது நம்பிக்கை.

அவர்களும் ஊரிழந்தவர்களே. 1864இல் அமெரிக்கப் படையினர் அவர்களது சோளப் பயிரை எரித்தனர், பீச் மரங்களைத் தறித்தனர், ஆடுகளைக் கொன்றனர். ஆயிரக்கணக்கானோர் பல நூறு மைல் தூரம் நடத்திச் செல்லப்பட்டு, பொஸ்கே ரெடொண்டோ என்னும் இடத்தில் தடுத்து வைக்கப்பட்டார்கள். 1868இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டு அவர்கள் ஊர் திரும்பினார்கள். அந்த உடன்படிக்கையில், 15,000 செம்மறிகளும் வெள்ளாடுகளும் வாங்கித் தரப்படும் என்ற வாசகம் இடம்பெற்றது. ஆடு இல்லாவிட்டால் அவர்களுக்கு வாழ்வு இல்லை. ‘ஆடே வாழ்வு’ என்பது அவர்கள் மொழியில் வழங்கும் கூற்று.

துன்பம் அத்துடன் தீரவில்லை. மேய்ச்சல் நிலம் அழிகிறது என்று கூறி 1930களில் அரசே அவர்களுடைய மந்தைகளைக் குறைத்தது. நெசவுக்கு உகந்த நீண்ட மயிருடைய சுர்ரோ இனச் செம்மறி அருகிப்போயிற்று. எஞ்சியவற்றைத் தேடித் திரட்டி, அந்த இனத்தை மீட்கும் முயற்சி 1977இல் தொடங்கியது. அந்த ஆட்டைக் கொண்டாடுவதற்கென்றே இன்று விழா எடுக்கிறார்கள். மயிர் கத்தரிப்பதையும், நூல் நூற்பதையும், சாயமேற்றுவதையும், நெய்வதையும் அங்கே இளையோருக்குக் கற்பிக்கிறார்கள்.

நேயர்களே, இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே நெசவு கற்கும் பிள்ளை தறியில் தொடங்குவதில்லை, ஆட்டில் தொடங்குகிறது. மயிரைக் கழுவி, சிக்கெடுத்து, நூற்று, செடிகொடிகளைக் காய்ச்சிச் சாயம் தோய்த்த பிறகே தறிக்கு வருகிறது.

நமது பனை வேலையும் அப்படித்தான். எந்தக் குருத்தை வெட்டலாம், எதை மரத்தில் விடவேண்டும் என்று அறிவது முதற் பாடம். வெயிலில் உலர்த்துவது, ஈர்க்கை நீக்குவது, ஒரே அகலத்தில் ஓலை வார்வது, சாயத்தில் அவிப்பது எல்லாம் அதன் பின்னால் வருபவை. இழைப்பது கடைசிப் பாடம். பத்து நாட் பயிற்சி வகுப்பொன்றில், வார்ந்து வைத்த ஓலையைக் கையில் கொடுத்துக் கோலம் மட்டும் பழக்கினால், அந்தப் பிள்ளை ஒரு பாயை இழைத்து முடிப்பாள். ஓலை தீர்ந்த அன்றே அவளுடைய கல்வியும் தீர்ந்துவிடும்.

இலக்கிய அன்பர்களுக்கு இன்னொரு கவலையும் இருக்க வேண்டும். குருத்து, சார்வு, ஈர்க்கு, தடுக்கு, உமல், கடகம், நீத்துப்பெட்டி: இவை இந்தக் கைவேலை காத்துத் தந்த சொற்கள். பொருள் வீட்டை விட்டுப் போனால் சொல் வாயை விட்டுப் போகும். பிட்டு அவிக்க அலுமினியப் பாத்திரம் வந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு நீத்துப்பெட்டி என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கிறது.

பழம்பெருமை பேசினால் மட்டும் அடுப்பு எரியாது என்பதையும் நான் அறிவேன். ஒரு பாய்க்குப் பல நாள் உழைப்பு வேண்டும். அதற்குக் கிடைக்கும் விலையோ பிளாஸ்டிக் பாயின் விலையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. 2009இல் போர் முடிந்தபின் சிலர் வடக்கே திரும்பினார்கள். பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொந்தப் பனந்தோப்பு இல்லை. ஓலையையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆகவே இந்தக் கலையைக் காக்க விரும்புவோர் மூன்றையும் ஒன்றாக யோசிக்க வேண்டும்: நடுவதற்குப் பனங்கொட்டை, பழக்குவதற்கு மூத்தவர், வேலைக்கேற்ற கூலி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் நிலைக்கமாட்டா. நவஹோ மக்கள் ஆட்டுக்கு விழா எடுப்பதுபோலக் கற்பிட்டிப் பாடசாலைகள் ஆண்டுக்கொரு நாளைப் பனைக்கென ஒதுக்கினால் என்ன? அன்று அந்த மூதாட்டிமார் ஆசிரியைகளாக வந்து அமரட்டும்.

நவஹோப் பெண்கள் சிலர், கரைபோட்டு நெய்யும் விரிப்பில் உள்ளிருந்து விளிம்புவரை ஓர் இழையை வேறு நிறத்தில் ஓடவிடுவதுண்டு. நெய்தவளின் மனம் அந்த விரிப்புக்குள் அடைபட்டுப் போகாமல் அடுத்த வேலைக்கு வெளியே வருவதற்கான வழி அது.

சென்ற கிழமை மறுபடியும் அந்தத் திண்ணையைக் கடந்து போனேன். பேத்தியின் மடியில் சின்னத் தடுக்கு ஒன்று கோணலாக வளர்ந்துகொண்டிருந்தது. மூதாட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

‘‘அவிழ்த்துப்போட்டு இன்னொருக்கா இழை, மகள். ஓலைக்கு முதல்ல கொஞ்சம் தண்ணி தெளி.’’

பிள்ளை அவிழ்த்தாள். மறுபடியும் தொடங்கினாள்.