சொல் விடைபெற்ற பின்



சொல்லைப் போற்றுவதற்காகவே பத்தாண்டுகளாகக் கூடிவரும் அவை இது. சொல்லே வாழ்வாக இருந்த ஒருவரிடமிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டால் எஞ்சுவது யாது? இவ்வினாவை எழுப்ப இதனினும் தக்க அவை வேறில்லை. ஆக்ஸ்போர்டு நகரத்து இல்லம் ஒன்றில், 1990-களின் பிற்பாதியில், ஒரு கணவர் இதற்கு நாள்தோறும் விடை தேடினார்.

அவர் பெயர் ஜான் பெய்லி. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராக விளங்கிய திறனாய்வாளர். அவருடைய மனைவி ஐரிஸ் மர்டாக். 1919-இல் டப்ளினில் பிறந்தவர், தத்துவம் பயிற்றுவித்தவர், 26 புதினங்களைப் படைத்தவர், ‘கடல், கடல்’ என்னும் புதினத்திற்காக 1978-இல் புக்கர் பரிசு பெற்றவர். 1956-இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். மக்கட்பேறு இல்லை. நூல்களும் நண்பர்களும் ஆற்றில் நீந்தும் இன்பமுமாக அவர்களின் இல்லறம் நாற்பதாண்டு நடந்தது.

1995-இல் மர்டாக்கின் இறுதிப் புதினம் வெளிவந்தது. அதை எழுதுகையிலேயே சொல் தம் கைக்கு எட்டாமல் விலகுவதை அவர் உணர்ந்திருந்தார். அவரைப் பற்றியது அல்சைமர் நோய் என்பது 1997-இல் உலகறிந்தது. அவருடைய முதற்புதினத்தையும் இடைக்காலப் புதினம் ஒன்றையும் இறுதிப் புதினத்தையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2005-இல் வெளியாயிற்று. வாக்கிய அமைப்பு பெரிதும் மாறவில்லை. சொல்வளம் மட்டும் இறுதிப் புதினத்தில் சுருங்கியிருந்தது என்பது அதன் முடிவு. நோய் முதலில் கைவைத்தது எழுத்தாளரின் சொற்களஞ்சியத்தில்தான்.

பிரிவைப் பாடுவதில் தமிழ் அகமரபுக்கு நிகரில்லை. பொருள்வயின் பிரிந்தவனை எண்ணித் தலைவி வழிநோக்கி இருப்பாள். அவன் மீள்வான் என்னும் நம்பிக்கை அவளைத் தாங்கும். பெய்லி கண்ட பிரிவோ வேறு. பிரிந்து போனவர் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார். அவருக்கு ஆடை உடுத்த வேண்டும், உணவூட்ட வேண்டும், எப்போது புறப்படுகிறோம் என்று அவர் ஓயாது கேட்கும் கேள்விக்கு ஓயாது விடை சொல்ல வேண்டும். மீள்வார் என்று காத்திருக்கவும் வழியில்லை. இத்தகைய பிரிவுக்கு நம் ஐந்திணையுள் எத்திணையில் இடம் ஒதுக்குவது?

மர்டாக் தெருவில் நடக்கும்போது குச்சியையும் காகிதத் துண்டையும் புகைத்தெறிந்த சிகரெட் துண்டையும் செல்வம்போலப் பொறுக்கிக்கொண்டு வருவார். வீட்டினுள் கணவரை விட்டு ஓர் அடியும் விலகமாட்டார். பேச்சு சிதைந்த பிறகும் பெய்லி பேசுவதை நிறுத்தவில்லை. பொருளற்ற சந்தச் சொற்களையும் பழைய வேடிக்கைகளையும் சொல்வார். மனைவியின் முகத்தில் சிரிப்பு மலரும். காலையில் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியை இருவரும் அருகருகே அமர்ந்து பார்ப்பார்கள். பொருள் போன பின்னும் ஓசை உறவைச் சுமந்தது. தாலாட்டை அறிந்த கவிஞர்களுக்கு இது வியப்பாகத் தோன்றாது.

ஆயினும் பெய்லி தம்மைத் துறவியாகக் காட்டிக்கொள்ளவில்லை. மனைவி உறங்கும் விடியற்பொழுதில், அதே படுக்கையில் அமர்ந்து தட்டச்சுப் பொறியில் அவர் எழுதிய நினைவுநூல் 1998-இல் வெளிவந்தது. வீட்டுச் செடிகளுக்கு மனைவி அளவின்றி நீர் ஊற்றிக்கொண்டே இருந்ததற்காகச் சினந்து கத்தியதை அதில் அவர் மறைக்கவில்லை. சினம் வந்தது, அடுத்த கணம் நாணமும் வந்தது, மறுநாள் மீண்டும் சினம் வந்தது. இல்லத்தில் நோயாளியைப் பேணிய எவரும் இப்பகுதியைப் படித்துத் தலை குனிவர். உடனே ஓர் ஆறுதலும் பெறுவர். பொறுமையின் சிகரமாகத் தம்மைத் தீட்டிக்கொண்டிருந்தால் அந்நூல் எவருக்கும் பயன்பட்டிராது.

நூல் வந்தபோது கண்டனமும் எழுந்தது. தம்மைப் பற்றி எழுதப்படுவதை அறியவோ மறுக்கவோ இயலாத ஒருவரின் தளர்ச்சியை, அவர் உயிரோடிருக்கும்போதே கடைவீதியில் வைக்கலாமா என்று கேட்டனர் சிலர். இக்கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அன்பு இசைவுக்கு ஈடாகாது. கணவர் என்பதாலேயே மனைவியின் வாழ்வு முழுதும் அவருக்கு எழுதுபொருளாகிவிடாது. வீட்டாரின் துயரைக் கவிதையாக்கும் ஒவ்வொருவரும் இவ்விடத்தில் நின்று விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

அவ்விடைக்கு ஓர் அளவுகோலை மர்டாக்கின் தத்துவ நூலே தருகிறது. ‘நன்மையின் இறையாண்மை’ என்று பெயர் கொள்ளத்தக்க அந்நூல் 1970-இல் வெளியாயிற்று. மருமகளைப் பண்பற்றவள் என எண்ணும் மாமியார் ஒருத்தியை அதில் அவர் எடுத்துக்காட்டாக வைக்கிறார். மாமியார் தன் பொறாமையைத் தானே உணர்ந்து, மருமகளை மீண்டும் உற்று நோக்குகிறாள். மருமகள் மாறவில்லை, நோக்கு மாறுகிறது. பண்பின்மையாகத் தெரிந்தது இயல்பான எளிமையாகத் தெரிகிறது. தன்னலத்தை ஒதுக்கிவிட்டு இன்னொருவரை உள்ளவாறு காணும் இந்த உற்றுநோக்கையே மர்டாக் அன்பு என்றார்.

எழுதியவர் மனைவி, தேர்வு எழுதியவர் கணவர். பெய்லியின் நூலை அவ்வளவுகோலால் அளந்தால், அவர் சினந்த பக்கங்களே அதன் நேர்மைக்குச் சான்றாகின்றன. மனைவியின் குறையைக் காட்டிய அதே ஒளியைத் தம் முகத்தின் மீதும் அவர் திருப்பினார். தன்னை மறைத்துக்கொண்டு பிறர் தளர்ச்சியை எழுதுவது வேடிக்கை பார்த்தல். தன்னையும் அதே தட்டில் வைத்து எழுதுவது உடனிருத்தல். இசைவு பெறாத குறை அதனால் முற்றும் நீங்கிவிடாது. ஆயினும் அவ்வெழுத்து பார்வையாளனுடையதன்று.

இறுதிச் சில வாரங்கள் நீங்கலாக மர்டாக்கைப் பெய்லி வீட்டிலேயே பேணினார். 1999 பிப்ரவரி 8-ஆம் நாள் மர்டாக் மறைந்தார்; பெய்லி 2015-இல் மறைந்தார். 2001-இல் அவர்கள் கதை திரைப்படமாகவும் வந்தது. அப்படத்தை மறந்தாலும், சொல் போன இல்லத்தில் சந்தத்தால் சிரிப்பை வரவழைத்த கணவரைக் கவிஞர்கள் மறத்தலாகாது.

சொல்லை ஆளக் கற்பது ஒரு கலை. சொல் விடைபெற்ற முகத்தை உற்று நோக்கக் கற்பது அதனினும் அரிய கலை. முன்னதைப் பத்தாண்டு பயின்ற அவை பின்னதையும் தன் பாடத்தில் சேர்த்துக்கொள்வதாக.