அஞ்சுவதும் வியப்பதும்



வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. சந்தன மரத்துக்குப் பெயர்பெற்ற மலை அது. ஆனால், சந்தனக் காடு என்றதும் இளைஞர் பலருடைய நெஞ்சில் எழுவது நறுமணம் அன்று. வீரப்பன் என்னும் பெயரே. அவன் திரிந்த காடு இதுவன்று. தென்மேற்கே சத்தியமங்கலத்தையும் மாதேசுவரன் மலையையும் சூழ்ந்த பெருங்காடு அது. ஆயினும், அவனுடைய மீசையையும் துப்பாக்கியையும் பற்றிப் பேசும்போது இளைஞர் கண்களில் தோன்றும் ஒளியை நான் ஜவ்வாது மலையூர்களிலும் கண்டிருக்கிறேன். சென்னைக் கல்லூரிகளிலும் கண்டிருக்கிறேன். நேரில் கண்டால் அஞ்சி ஓட வேண்டியவனைத் தொலைவில் இருந்து வியப்பது ஏன்? இதுவே இன்று நாம் ஆராய வேண்டிய வினா.

இவ்வியப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பல பெண்களைக் கொன்ற டெட் பண்டி என்பவன், 1980-இல் கொலை வழக்கு நடந்துகொண்டிருந்த நீதிமன்றத்திலேயே ஒரு பெண்ணை மணந்தான். கொடுங்குற்றவாளியிடம் எழும் இத்தகைய மோகத்துக்கு ஜான் மணி என்னும் உளநூலார் 'ஹைப்ரிஸ்டோபீலியா' என்று பெயரிட்டார். பெயர் இட்டதனால் காரணம் விளங்கிவிடாது. ஊரெல்லாம் அஞ்சும் ஒருவன் எனக்கு மட்டும் அடங்குவான் என்னும் பெருமிதம் ஒன்று. என் அன்பு அவனைத் திருத்தும் என்னும் நம்பிக்கை ஒன்று. சிறைக்கம்பி இடையே நிற்பதால் அவன் என்னைத் தீண்ட இயலாது என்னும் பாதுகாப்பு மற்றொன்று. புலியைக் கூண்டுக்கு வெளியே நின்று பார்ப்பவனுக்குத்தான் அதன் வரிகள் அழகாகத் தோன்றுகின்றன.

இதனோடு வேறொன்றைச் சேர்த்துக் குழப்பிவிடலாகாது. 1973 ஆகஸ்டில், சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில், ஒரு வங்கியில் நால்வர் ஆறு நாட்கள் பிணையாளிகளாக இருந்தனர். விடுதலை பெற்ற பின்னும் அவர்கள் தம்மைச் சிறைப்படுத்தியவனிடம் பரிவு காட்டினர். உயிர் ஒருவனுடைய கையில் இருக்கும்போது, அவன் தரும் ஒரு வாய் நீரும் பேருதவியாகத் தோன்றும். அது பிழைத்திருப்பதற்கு மனம் தேடும் வழி. எள்ளி நகையாடத் தக்கதன்று. திரையரங்கில் அமர்ந்து கைதட்டுவோருக்கு அத்தகைய நெருக்கடி ஏதும் இல்லை.

மூன்றாவது காரணமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்னும் சிற்றூரில், 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரத்தைத் தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர், மக்களை அடித்துத் துன்புறுத்தினர், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினர். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரே அவ்வூரிலும் வாழ்பவர்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது 2011-இல். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். காப்பவனே அடிக்கும் நாட்டில், காப்பவனை எதிர்ப்பவன் தம்மவனாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

எனினும், அநீதி ஒருவன் கையில் துப்பாக்கி கொடுத்துவிட்டால், அத்துப்பாக்கி நீதியாகிவிடுமா? சீனிவாஸ் என்பவர் கருநாடக மாநில வன அதிகாரி. வீரப்பனின் சொந்த ஊராகிய கோபிநத்தத்தில் அவர் ஏழைகளுக்கு மருத்துவ உதவி ஏற்படுத்தினார். மாரியம்மன் கோயில் எழ உதவினார். அச்சுறுத்தலால் அன்றி அன்பினால் மக்களைத் திருப்ப முயன்றார். சரணடைவதாகச் சொல்லி அவரைக் காட்டுக்குள் வரவழைத்தான் வீரப்பன். நம்பிச் சென்றவரை 1991 நவம்பர் 10 அன்று கொன்று, தலையைத் துண்டித்தான். அரசு அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கியது. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்ட வீரப்பனின் பெயரைச் சிறு பிள்ளையும் அறியும். சீனிவாஸ் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வியப்பு செய்யும் கேடு இதுவே: கொன்றவனுடைய முகத்தைப் பெரிதாக்கி, கொல்லப்பட்டவருடைய முகத்தை அழித்துவிடுகிறது.

நம் முன்னோர் வீரத்தை வியக்காதவர் அல்லர். ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் மிகுதி. அவ்வட்டாரத்தை அடுத்த எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று உள்ளது. ஆநிரையை மீட்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயும் அக்கல்லில் இடம்பெற்றிருக்கிறது. ஆநிரை கவரச் சென்று மாண்டவர்க்கும் கற்கள் உண்டு என்பது உண்மையே. ஆயினும், வாளையும் வில்லையும் காட்டியதோடு அக்கற்கள் நின்றுவிடவில்லை. எந்தப் பூசலில், எதன்பொருட்டு அவன் பட்டான் என்பதையும் எழுதி வைத்தன. ஊரின் மாடுகளைக் காத்த நாய்க்கும் பெயர் தந்தவர்கள் நம் முன்னோர்!

ஆகவே நண்பர்களே, கொடியவன் ஒருவனுடைய கதை உங்கள் உள்ளத்தை ஈர்க்கும்போது நாண வேண்டியதில்லை. வலிமையைக் கண்டு மயங்குவது மனித இயல்பு. ஆனால், அக்கதையிடம் இரண்டு வினாக்களைக் கேளுங்கள்: இவன் கையால் மாண்டவர் யார்? இவன் கையால் காக்கப்பட்டவர் யார்? முதல் வினாவுக்குப் பெயர்கள் பல கிடைத்து, இரண்டாவதற்கு ஒன்றும் கிடைக்காவிடில், நீங்கள் வியந்தது வீரத்தை அன்று என்பது தானே விளங்கும்.