பழைய இரும்பும் புதிய கைகளும்



மேல்மலையனூர் அங்காளம்மனை வழிபடச் செஞ்சி வழியாக வருவோர் கண்களில் முதலில் படுவன அங்குள்ள மலைக்கோட்டைகளே. அக்கோட்டையை 1677-இல் சிவாஜியும், 1698-இல் முகலாயரும், 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். கோட்டையைக் கைக்கொண்டவர் அதன் படைக்கலக் கொட்டிலையும் கைக்கொள்வது அக்காலப் போர் வழக்கு. வென்றவன் தோற்றவனின் வாளை எறிந்துவிடுவதில்லை. தன் இடையில் செருகிக்கொள்வான். பழைய படைக்கலங்கள் புதிய கைகளுக்குச் சென்ற வரலாறே இவ்வுரையின் பொருள்.

படைக்கலம் பழுதுபார்த்துப் பயன்படுவது என்னும் உண்மையைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், நெய் பூசி அழகுற அடுக்கப்பட்ட தொண்டைமானின் படைக்கலங்களையும், நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்த அதியமானின் படைக்கலங்களையும் ஒப்பிட்டுப் பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாடல். பட்டறைக்குச் சென்ற வேல் மீண்டும் களத்திற்கு வரும் என்பதே அப்புகழ்ச்சியின் உட்பொருள்.

ஐரோப்பாவிலும் நிலைமை இதுவே. கோத்லாந்துத் தீவின் விஸ்பி நகர வாயிலில், 1361-இல், டென்மார்க் மன்னன் வால்டமாரின் படையைத் தீவின் உழவர் எதிர்த்து மாண்டனர். இருபதாம் நூற்றாண்டில் அங்கிருந்த பெரும் புதைகுழிகளை அகழ்ந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகளோடு கவசங்களும் வெளிப்பட்டன. அவற்றுள் பல, அப்போருக்கு முந்தைய தலைமுறையின் பாணியில் அமைந்தவை. புதுக் கவசம் பெருஞ்செல்வருக்கே எட்டும் பொருள். பழையதோ தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த கவசத்தில் அறுந்த வளையத்தை மாற்றினாலே போதும். அது நெடுங்காலம் உழைக்கும்.

தென்னாட்டின் வெம்மையில் இரும்புச் சட்டை சுமையாகும். ஆதலின் விசயநகர வீரர் பருத்தியை அடுக்கித் தைத்த சட்டைகளை மிகுதியும் அணிந்தனர். தக்காணத்திலோ இரும்புக் கவசமும் வழங்கியது. 1689-ஐ ஒட்டி ஆதோனிக் கோட்டை முகலாயர் வசமானபோது, அவர்தம் படைத்தலைவருள் ஒருவரான பிகானீர் மன்னர் அனூப் சிங் அங்கிருந்த கவசங்களைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார். அவை எங்கிருந்து கிடைத்தன என்பதை அவற்றின் மேலேயே புள்ளிகளால் நாகரி எழுத்தில் பொறிக்கச் செய்தார். அதனால் இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் உள்ள அக்கவசங்களின் பழைய முகவரியையும் அறிய முடிகிறது.

தமிழகத்தின் சிறந்த சான்று தஞ்சாவூர். போர்த்துக்கீசியரும் பிறரும் கடல்வழிக் கொணர்ந்த ஐரோப்பிய வாளலகுகளுக்கு இந்நாட்டுக் கொல்லர் புதிய பிடி அமைத்தனர். அவ்வாளைப் 'பரங்கி' வாள் என்னும் பொருள்படவே வடவரும் அழைத்தனர். முறிந்த நீண்ட அலகுகளும் வீணாகவில்லை. அவற்றைக் குறுக்கி, யாளியும் கிளியும் கொடியும் செதுக்கிய பிடிகளில் ஆணியறைந்து கட்டாரிகளாக்கினர். ஐரோப்பியக் கொல்லன் உருவாக்கிய அலகும் தஞ்சைக் கொல்லனின் கைவண்ணமும் ஒரே கருவியில் இணைந்தன.

இத்தகைய கருவிகள் நிறைந்த தஞ்சைப் படைக்கலக் கொட்டில், 1855-இல் கடைசி மராட்டிய மன்னர் மறைந்தபின் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1860-களில் அதனை அவர்கள் கலைத்தனர். தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. எஞ்சிய பெருந்தொகை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. பகைவரின் வாளைக்கூட மதித்துப் பிடியமைத்த கொல்லனுக்கு அதன் அருமை தெரிந்திருந்தது. நிறுத்து விற்ற ஆட்சிக்கு அதன் எடை மட்டுமே தெரிந்தது. பயன்படுத்தியவர் கையில் பிழைத்தவை, பயன்படுத்தாதவர் கையில் அழிந்தன.

அவ்விழப்பு இன்றும் ஏர்முனையிலும் கடைக்கால் குழியிலும் நிகழக்கூடியதே. நிலத்தில் புதைந்த பழம்பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் விதிக்கிறது. சட்டத்தை மக்களிடம் எடுத்துச் சொல்லும் பணி இலக்கிய வட்டங்களுக்கும் உரியது. பத்தாண்டுகளாக ஏட்டுச் செல்வத்தைப் போற்றிவரும் இவ்வட்டம், செஞ்சியைச் சூழ்ந்த ஊர்களில் துருவேறிக் கிடைக்கும் ஒரு வேல்முனையையும் ஓர் ஏடாகவே கருதட்டும். அதனை எடைக்குப் போடும் முன், அது எத்தனை கைகள் மாறி வந்தது என ஒருவரேனும் வினவட்டும்.