பத்துப் பிள்ளைகள் பெற்ற பூபதி அம்மா

(ஏப்ரல் 19 நினைவு நாளில் மட்டக்களப்பில் கூடிய தாய்மார் மத்தியில், மலையகத்திலிருந்து சென்ற நமது சங்க மாதர் பிரிவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



செங்கலடிச் சந்தியிலிருந்து மலைப்பக்கம் திரும்பும் வீதியை நீங்கள் பதுளை வீதி என்கிறீர்கள். அந்த வீதியின் மறுமுனையிலிருந்து நாங்கள் வந்திருக்கிறோம். 1977இலும் 1983இலும் அடிவாங்கி, இருந்ததை விட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் சனம் வவுனியாவுக்கும் கிழக்குக்கும் இறங்கி வந்தது. எங்களில் சிலருடைய சித்தி, பெரியம்மா வீடுகள் இன்றும் இந்தப் பக்கத்தில்தான். ஆகவே இழவு வீட்டுக்குச் சொந்தக்காரர் வருவதுபோலத்தான் வந்திருக்கிறோம், விருந்தாளிகளாக அல்ல.

பூபதி அம்மாவை உங்களுக்கு நாங்கள் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எங்கள் தோட்டங்களில் இதைப் படிக்கப்போகும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். பூபதி கணபதிப்பிள்ளை 1932 நவம்பர் 3இல் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளின் தாய். பெற்ற பிள்ளைகளைப் படையினரின் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவர். 1987 யூலையில் இலங்கை இந்திய ஒப்பந்தம் வந்தது. அமைதிப் படை வந்தது. அக்டோபரில் அந்தப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. மட்டக்களப்பு அம்பாறைத் தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டு இரண்டே இரண்டு கோரிக்கை வைத்தார்கள். சண்டையை உடனே நிறுத்து, புலிகளோடு பேசு. முதலில் அன்னம்மா டேவிட் உண்ணாநோன்பில் அமர்ந்தார். அது இடையில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு 1988 மார்ச் 19இல், அமிர்தகழி மாமாங்கப் பிள்ளையார் கோயில் முன்றலில் பூபதி அம்மா வந்து அமர்ந்தார். தண்ணீர் மட்டும் குடித்தார். ஏப்ரல் 19இல் உயிர் போனது. நாவலடிக் கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே, அவரை அடக்கம் செய்தார்கள்.

அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முந்திய ஐம்பத்தைந்து வருடத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்? பத்துப் பிள்ளை என்றால் பத்துப் பேறுகாலம். பத்துப் பேருக்கும் விறகு, தண்ணி, அரிசி, காய்ச்சல் கண்ட இரவுகள். கொழுந்துக்கூடைக்குத் தராசு உண்டு, எத்தனை கிலோ என்று எழுதிக்கொள்ளக் கணக்கப்பிள்ளை உண்டு. அடுப்படி வேலைக்குத் தராசும் இல்லை, செக்றோலும் இல்லை. 1984 வேலைநிறுத்தத்தின் பிறகுதான் எங்கள் பெண்களுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. வீட்டு வேலைக்கு எந்த ஒப்பந்தத்திலும் இன்றுவரை ஒரு வரி கிடையாது.

'இல்லத்தரசி' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டைக் கொடுத்து, மருமகன் அங்கே வந்து குடியேறுகிறார். குடி வழியும் தாய் வழியாகத்தான் வருகிறது. எங்கள் பெண்களுக்கு இதைக் கேட்கவே ஆசையாக இருக்கிறது. எங்கள் ஆச்சிமார் பிறந்ததும் லயக் காம்பரா, செத்ததும் லயக் காம்பரா. கூரைத் தகரம் மாற்றவும் தோட்ட நிர்வாகத்திடம் கேட்கவேண்டும். ஏழு பேர்ச் காணி என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள். உறுதிப் பத்திரம் கையில் உள்ள பெண்ணைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். இல்லம் இல்லாத அரசிகள் நாங்கள்.

பட்டினியும் எங்களுக்குத் தெரிந்ததுதான். 1973, 74இல் அரிசியும் மாவும் சுருங்கியபோது தோட்டங்களில் சனம் பசியால் செத்தது. டவுனுக்குப் போய்க் கையேந்தினார்கள். "எனக்குப் பசிக்கல்ல, நீ தின்னு" என்று பேரப்பிள்ளையிடம் ரொட்டியைத் தள்ளிய அப்பாயிகள் எத்தனை பேர்! யாரும் அவர்களுக்கு நினைவுநாள் வைத்ததில்லை. அது மற்றவர்கள் சுமத்திய பட்டினி. பூபதி அம்மாவுடையது தானே எடுத்த பட்டினி. ஆனாலும் வாழ்க்கை முழுக்கத் தன் பங்கைக் குறைத்துப் பிள்ளைக்குப் போட்ட ஒருத்திக்குத்தான் அப்படியொரு முடிவு எடுக்க முடியும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

நோன்புக்கு முன் அவர் எழுதிக்கொடுத்த கடிதம் ஒன்று உண்டு. சுயவிருப்பத்தோடுதான் இருக்கிறேன், நினைவு தப்பினாலும் கணவரோ பிள்ளைகளோ என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அதன் சாரம். எங்களை உலுக்குவது இந்தக் கடிதம்தான். படைக்காரரை அவர் பயப்படவில்லை. சொந்த வீட்டாரின் பாசம்தான் தன்னை எழுப்பிக்கொண்டு போய்விடும் என்று தெரிந்து, அந்தக் கதவை முதலில் பூட்டினார். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கு அந்த ஒரு மாதம் எப்படிப் போயிருக்கும்? அவர்களுடைய துக்கத்துக்கு முன்னால் எங்கள் பேச்சு சின்னதுதான்.

ஒளிக்காமல் இன்னொன்றும் சொல்கிறோம். திலீபன் 1987 செப்டம்பரில் நல்லூரில் பன்னிரண்டு நாள் இருந்து இறந்தார். அவர் இயக்கப் போராளி. பூபதி அம்மா துப்பாக்கி தூக்கியவர் அல்ல. அவருடைய இரண்டாவது கோரிக்கையைக் காட்டி, அவரை ஓர் இயக்கத்தின் படமாக மட்டும் மாட்டிவைக்க ஒரு சாராரும், அதே காரணத்தால் நினைவுகூரவே விடக்கூடாதென்று இன்னொரு சாராரும் இழுக்கிறார்கள். நடுவில் அந்தத் தாய் காணாமல் போகிறார். அவர் கேட்டது சண்டையை நிறுத்தச் சொல்லி. அதைக் கேட்கும் உரிமை எந்தக் கொடிக்கும் முந்தியது. இனி எந்தத் தாயும் இப்படிச் சாகவேண்டி வரக்கூடாது. அப்படிச் சாகும்படி எந்த அமைப்பும், எங்கள் சங்கமும்கூட, ஒருத்தியைக் கேட்கக்கூடாது.

சுனாமி அந்த நாவலடியையே 2004இல் அடித்துக்கொண்டு போனது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இந்த மாவட்டத்தில் இன்னமும் படத்தோடு வீதியில் நிற்கிறார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டுச் சிறை வாசலில் காத்திருந்த தாய்மார் எங்கள் மலையிலும் உண்டு. மகனின் பெயரை விசாரிக்க ஒரு தாய்க்கு எத்தனை பஸ் மாறவேண்டியிருக்கிறது என்பதில் மட்டக்களப்புக்கும் மஸ்கெலியாவுக்கும் வித்தியாசம் இல்லை.

எங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்குங்கள். உங்கள் லயத்தில் இருக்கும், இருந்து இறந்த ஆச்சி, அப்பாயி, அம்மாயி ஒவ்வொருவருடைய பெயரையும் எழுதுங்கள். எந்த டிவிசன், எத்தனை வயதில் பேர் பதிந்தார், எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை தங்கியது, சேமலாப நிதி கைக்கு வந்ததா, காம்பரா யார் பேரில். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளையை வைத்து எழுதுங்கள். சந்தா விஷயமாக வரும் மாதர் தலைவியிடம் கொப்பியைக் கொடுத்துவிடுங்கள். முதல் பக்கத்தில் பூபதி அம்மாவின் பெயரை நாங்கள் எழுதியே அனுப்புகிறோம்.