சிங்கப்பூர் வேலை அனுமதி

சிங்கப்பூரில் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் வேலை செய்யப் போகும் இந்தியத் தொழிலாளருக்கு வேண்டியது ‘ஒர்க் பெர்மிட்’. அதற்கு விண்ணப்பிப்பவர் தொழிலாளி அல்ல, முதலாளி; அல்லது அவர் சார்பில் அங்குள்ள ஏஜென்ட். விண்ணப்பம் அந்நாட்டு மனிதவள அமைச்சுக்குப் போகிறது.

அமைச்சு ஒப்புக்கொண்டதும் ஒரு கடிதம் வரும். ஊர்ப் பேச்சில் அது ‘ஐபிஏ’. தொழிலாளி விமானம் ஏறுவதற்கு முன்பே, அவருக்குப் புரியும் மொழியில் அது அவர் கைக்கு வந்தாக வேண்டும். அடிப்படைச் சம்பளம், படிகள், மாதாமாதம் பிடிக்கும் தொகை எல்லாம் அதில் தனித்தனியாக அச்சாகியிருக்கும். டீக்கடையில் உட்கார்ந்து ஏஜென்ட் சொன்ன சம்பளம் வேறாக இருந்தால், கடிதத்தில் உள்ளதுதான் கணக்கு. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமும் அதிகபட்சம் 30,000 ரூபாய்தான், ஜிஎஸ்டி தனி. நிலத்தை அடமானம் வைத்து லட்சக்கணக்கில் கட்டுபவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

ஆளுக்கு 5,000 சிங்கப்பூர் டாலர் பிணையத்துக்கு முதலாளிதான் பொறுப்பு. அரசுக்கு மாதந்தோறும் செலுத்தும் ‘லெவி’யும் அவருடையதே, அதைச் சம்பளத்தில் பிடிப்பது குற்றம்.

போய் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை. அதில் தேறியதும் அனுமதி வழங்கப்படும், பிறகு அட்டை கைக்கு வரும். பொதுவாக இரண்டு ஆண்டு வரை செல்லும். அட்டையில் பெயர் உள்ள முதலாளியிடம் மட்டுமே வேலை பார்க்கலாம்.