கட்டடக் கலைஞரும் கட்டுவோரும்



கட்டடம் எழுப்ப முனைவோர் கட்டடக் கலைஞரிடம் முதலில் கேட்பது வரைபடம். அவர் நம்மிடம் முதலில் கேட்க விரும்புவதோ, அக்கட்டடத்தில் யார் இருப்பர், என்ன பணி செய்வர், கையிலுள்ள தொகை எவ்வளவு என்பனவற்றை. தொகையை மறைப்பது நம்மிடையே பரவலாக உள்ள பழக்கம். சொன்னால் முழுவதையும் செலவழித்துவிடுவார் என்னும் அச்சமே காரணம். ஆனால் தொகை அறியாமல் வரையப்படும் திட்டங்களே பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகின்றன.

அடுத்து அவர் அறிய வேண்டுவது நிலம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிக் குமுளியை அடைவோர் சில கிலோமீட்டர் தொலைவிற்குள் இருவேறு வானிலைகளைக் காண்பர். கம்பம் தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மறைவுப் பகுதி. குமுளியோ அம்மழையை நேரே ஏற்கும் மலையூர். சமவெளிக்கென வரைந்த தட்டைக் கூரையையும் குறுகிய தாழ்வாரத்தையும் அங்கே அப்படியே எழுப்பினால் சுவர் ஊறும், கூரை ஒழுகும். சரிவை நேராக வெட்டி இடம் சமன் செய்வது அதனினும் கேடு. 2018 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் கண்ட மண்சரிவுகளை மறத்தல் இயலாது. ஆகவே, கலைஞரை மனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். மழைநீர் ஓடும் வழி, சாரல் அடிக்கும் திசை, காக்க வேண்டிய மரங்கள் ஆகியவற்றை அவ்வூரார் காட்டினால்தான் அவர் அறிவார்.

குமுளி அமைந்துள்ள பீர்மேடு வட்டத்திலேயே, வாகமண்ணில், 1960-களில் வாழ்ந்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்த அவர், இமயமலைப் பகுதியான பித்தோராகரில் நெடுங்காலம் வாழ்ந்து, உள்ளூர்க் கல்லும் மண்ணும் கொண்டு கட்டும் முறைகளைக் கற்றவர். வீட்டிற்கான பொருள்களை ஐந்து மைல் சுற்றளவிற்குள் தேடலாம் என்று காந்தியடிகள் கூறியதை அவர் பலமுறை நினைவுகூர்ந்தார். பின்னர்த் திருவனந்தபுரத்தில், பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்திற்கு 1970-களில் கட்டடங்களை அமைத்தார். மேட்டு நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் மரங்களையும் ஒட்டியே அவை எழுந்தன. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டினால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும், வெப்பமும் குறையும். பேக்கர் இம்முறையைப் பெரிதும் கையாண்டார். கட்டுவித்தவர்கள் அவருக்கு நோக்கத்தையும் வரம்பையும் தந்து, வழிமுறையை அவரிடமே விட்டனர் என்பது என் கருத்து.

அரசு அலுவலகங்களில் நேரும் இடர் வேறு. ஒரே பள்ளிக் கட்டடத்திற்குத் தலைமையாசிரியர் ஒன்று சொல்வார். ஊராட்சித் தலைவர் மற்றொன்று சொல்வார். பார்வையிட வரும் அதிகாரி கொத்தனாரிடமே மூன்றாவது ஆணையைப் பிறப்பிப்பார்! முடிவு கூறும் பொறுப்பு ஒருவரிடமே இருத்தல் நலம். மாறுதல்கள் யாவும் கலைஞர் வழியாக, எழுத்தில், செலவுக் கணக்குடன் செல்லுதல் வேண்டும். வரைபடத்தில் சன்னலை நகர்த்த அழிப்பான் போதும். எழுந்த சுவரில் நகர்த்தக் கூலியும் சிமெண்டும் வேண்டும்.

1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக் கலைஞர் எனத் தம்மை அழைத்துக்கொள்பவர் கட்டடக் கலை மன்றத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டா. கட்டணம், தவணை, மனையைப் பார்வையிடும் முறைகள் ஆகியவற்றை உடன்படிக்கையில் குறித்துக்கொள்ளலாம். முதல் பருவமழை ஓய்ந்ததும் அவர் ஒருமுறை வந்து, நீர் கசியும் இடங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.