யானைமேல் வரும் மயில்வாகனன்



முருகனை மயில்வாகனன் என்றே கூப்பிட்டுப் பழகியவர்கள் நாம். ஆனால் எங்கள் ஊவா மாகாணத்துக் கதிர்காமத்தில் அவன் யானைமேல்தான் வருகிறான். அங்கே கும்பிடுவதற்குச் சிலை கிடையாது. வள்ளி தெய்வானையோடு மயில்மேல் அவனை எழுதிய திரைச்சீலைக்கு முன்தான் கைகூப்பி நிற்போம். ஆடித் திருவிழா இரவில் பூசகரான கப்புறாளை யந்திரப் பேழையைத் துணியால் மூடி எடுத்து வந்து யானைமேல் ஏற்றுவார். யானை வள்ளியம்மன் கோயிலுக்குப் போகும். தினைப்புனத்தில் வள்ளியை மிரட்டி முருகனிடம் ஓட வைத்தவரும் யானையாக வந்த பிள்ளையார்தானே! அந்தக் கதை தெரிந்தவருக்கு இந்த ஊர்வலம் தனி இன்பம்.

சுவாமிமலையிலும் திருத்தணியிலும்கூட சந்நிதிக்கு எதிரே நிற்பது யானைதான். திருமுருகாற்றுப்படையில் முருகனின் ஊர்தியாக வரும் பிணிமுகத்தை யானை என்று கொண்ட உரையாசிரியரும் உண்டு. மயிலுக்கு முன்பே யானை அவனைச் சுமந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மயில் வந்தது சூரன்போரில். மாமரமாக நின்ற சூரனை வேல் பிளந்தது. ஒரு பாதி மயில், மறுபாதி சேவல். பகைவனை அழித்துவிடாமல் ஒன்றை வாகனமாக்கி, மற்றதைக் கொடியில் ஏற்றிக்கொண்டான். நம் கடவுளிடம் நான் கண்ட பெருங்கருணை இதுதான்.

அந்தச் சூரன்போரை நினைக்கும் நாளிலேயே எங்கள் ஊவாவில் ஒரு துயரம் நடந்தது. 2014 ஒக்டோபர் 29, கந்தசஷ்டி. சூரசம்ஹார நாள். அன்று காலை கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. கோயிலும் மண்ணுக்குள் போனது. அந்த மலை ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. ஆனாலும் தனக்கென்று ஒரு துண்டுக் காணி இல்லாத சனம் லயத்திலேயே இருந்தது. கொஸ்லந்தையிலிருந்து இறங்கும் வீதி வெல்லவாய, புத்தல வழியாகக் கதிர்காமத்துக்குத்தான் போகிறது. மயிற்பீலிக் காவடி எடுத்த சனம் அது. தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் ஊவாவின் சரிவுகளில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் அதே பழைய லயங்களில்தான் மழைக்காலத்தைக் கழிக்கின்றன.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் சங்கத்துப் பிள்ளைகள் கந்தசஷ்டிக்குச் சூரன்போர் ஆடும்போது, மயில் வந்த கதையோடு மீரியபெத்தையையும் சொல்லிக் கொடுங்கள். அன்று சேரும் உண்டியல் பணம், பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் கேட்டுப் போராடும் தோட்டத்து மக்களுக்குப் போகட்டும். இந்த வருடமே தொடங்குவோம்.